க்ளியோத்தா மேப்ரி ஆடாத ஆட்டங்கள்

எழுபதாயிரம் பேர் கண்ணெதிரே நடந்த ஒன்றை, நடக்கவே இல்லை என்று ஆக்கிவிட முடியுமா? க்ளியோத்தா மேப்ரியின் வாழ்க்கை எழுப்பிய கேள்வி இதுதான். அவர் இதை வாய்விட்டுக் கேட்டதில்லை. மிசிசிப்பிச் சமவெளியில் வீடு வீடாக எரிவாயு நிரப்பும் லாரியை ஆயுளில் பாதி ஓட்டியவர் அவர். நன்றாகவே ஓட்டினார். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெல்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து வரலாற்றைப் புரட்டினால், எண்பத்தொன்பதாம் ஆண்டின் வெற்றிகள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் 'செல்லாதவை' என்று போட்டிருக்கும். தோல்விகளுக்கு நட்சத்திரம் கிடையாது. அவை தோல்விகளாகவே நிற்கின்றன.

பெல்ஃபோர்ட்டுக்கு வந்தபோது க்ளியோத்தாவுக்குப் பதினெட்டு வயது. அப்பா இல்லை. அம்மா மீன் பதப்படுத்தும் ஆலையில் குளிர்ந்த தண்ணீரில் நின்று வேலை செய்தாள். ஆட்டத்தில் அவன் இடம் யார் கண்ணிலும் படாத இடம். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது லாவெல் சிம்ஸ். லாவெலுக்கு முன்னால் ஓடி, எதிரே வருகிறவன் மேல் மோதி வழி பிளப்பது க்ளியோத்தா. அதனால் அவனுக்குக் 'கலப்பை' என்று பெயர். கூட்டம் லாவெலின் பெயரைச் சொல்லிக் கத்தும். கலப்பை மண்ணிலிருந்து எழுந்து பல்லில் ஒட்டிய புல்லைத் துப்புவான்.

படிப்பு இலவசம், அறை இலவசம். காசு மட்டும் கூடாது. உதவித்தொகையில் ஆடுகிறவன் ஆட்டப் பருவம் நடக்கும்போது வேலைக்குப் போகவும் கூடாது. வெளியார் கையால் எதையும் வாங்கவும் கூடாது. பெயரும் முகமும் பல்கலைக்கழகத்தின் சொத்து. தன் சார்பில் பேச ஓர் ஏஜெண்டை வைத்துக்கொண்டால் அன்றோடு ஆட்டம் முடிந்தது. இதெல்லாம் விதிப்புத்தகத்தில் இருந்தது. அந்தப் புத்தகம் செங்கல் தடிமன். ஆட்டக்காரர்களில் அதைப் படித்தவன் எவனும் இல்லை. படித்திருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் விடுதிச் சாப்பாட்டுக்கூடம் மூடியிருந்தால் என்ன செய்வது என்பதற்கு அதில் விடை இருந்திருக்காது.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மிஸ் ஒஸெல்லா ட்ரைஸின் சாப்பாட்டுக்கடை. தேவாலயம் விட்டதும் திறப்பாள். ஒரு ஞாயிறு க்ளியோத்தா உள்ளே போய், ஒரே ஒரு துண்டு சோள ரொட்டியும் தண்ணீரும் கேட்டான்.

"இது பத்துமாப்பா உனக்கு?"

"பத்தும்மா."

"யார்கிட்ட கத விடற? உன் தோளு வாசல்ல நுழையறதுக்கே ஒரு பக்கமா திரும்ப வேண்டியிருந்துச்சு. உக்காரு."

"காசில்லம்மா என்கிட்ட."

"நான் கேட்டனா?"

வறுத்த கோழி, கீரை, பட்டர் பீன்ஸ் என்று தட்டு நிறைந்து வந்தது. சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம் கழுவித் தருவதாக எழுந்தான்.

"போடா அந்தப்பக்கம். ஆட்டக்காரன் கைய சோப்புத் தண்ணியில ஊறப்போட்டா பந்து வழுக்கும்."

"நான் பந்தத் தொடறதே இல்லம்மா. மோதறதுதான் என் வேல."

"மோதறதுக்கு மட்டும் தெம்பு வேணாமா? வர்ற ஞாயித்துக்கெழமையும் வா. வரலேன்னா ஹாஸ்டலுக்கே வந்து காதப் புடிச்சு இழுத்துட்டு வருவேன்."

அடுத்த ஞாயிறும் போனான். அதற்கடுத்த ஞாயிறும்.

மூன்றாம் ஆண்டு அக்டோபரில் அம்மா ஆலையிலேயே சரிந்து விழுந்து இறந்தாள். ஊருக்குப் போக பஸ் டிக்கெட் வேண்டும் என்று பயிற்சியாளரிடம் போய் நின்றான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மற்ற மாணவர்களுக்குக் கொடுக்காத எதையும் உனக்குக் கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது மகனே என்றார். அவர் கண்ணீர் பொய்யில்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். அதனால் டிக்கெட் கிடைத்துவிடவில்லை. செய்தி கேட்ட மிஸ் ஒஸெல்லா அடுப்பை அணைத்துவிட்டுத் தன் பழைய காரை எடுத்தாள். சமவெளியிலிருந்த அவன் ஊர் வரை அவளே ஓட்டினாள். தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நீங்கள் யார் என்று க்ளியோத்தாவின் சித்தி கேட்டதற்கு, "இவனுக்குச் சோறு போடறவ" என்றாள்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அடக்கம் முடிந்து வரும் முதல் ஞாயிறு, துக்க வீட்டார் சபையில் எழுந்து நின்று, யார் சமைத்துக் கொண்டுவந்தார், யார் வண்டி தந்தார், யார் குழி வெட்டினார் என்று ஒருவர் பெயரும் விடாமல் உரக்கச் சொல்ல வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனாலும் இறந்தவருக்கே அவமானம். மகன்தான் சொல்ல வேண்டும். க்ளியோத்தாவால் அந்த ஞாயிறு அங்கே இருக்க முடியவில்லை. சனிக்கிழமை ஆட்டம் இருந்ததால் அடக்கம் முடிந்த கையோடு திரும்ப வேண்டியிருந்தது. மறுநாளே மீண்டும் ஊருக்குப் போகக் காசு இல்லை.

அந்தச் சனிக்கிழமைதான் அது நடந்தது. கடைசி நிமிடம், வெற்றிக் கோட்டுக்கு ஒரே ஒரு கஜம். எல்லார் கண்ணும் லாவெல் மேல். பந்தை எறியும் வேட் ஹல்செல், அதை லாவெலிடம் கொடுப்பதுபோல் காட்டிவிட்டுக் கலப்பையின் வயிற்றில் திணித்தான். க்ளியோத்தா தன் தலைக்கு மேல் நாலு பேரைச் சுமந்துகொண்டு கோட்டைத் தாண்டி விழுந்தான். கல்லூரியில் அவன் பந்தோடு கோட்டைத் தாண்டியது அந்த ஒரு முறைதான். எழுபதாயிரம் பேர் அவன் பெயரைச் சொன்னார்கள். லாவெல் ஓடிவந்து அவன் தலைக்கவசத்தைத் தன் தலைக்கவசத்தோடு முட்டிக்கொண்டு, "இன்னிக்கு நீதான்டா, கலப்ப! நீதான்டா!" என்று அழுதான்.

பருவம் முடிந்த டிசம்பரில் பெட்டஸ் என்றொரு வக்கீல் வந்து ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். பல்கலைக்கழகத்தின் பச்சை நிறத்தில் டை கட்டியிருந்தார். க்ளியோத்தாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"அம்மா தவறிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தம்ப்பா. நாங்க எல்லாரும் உன் பக்கந்தான். ஊர்ல யாராச்சும் உனக்கு ஒத்தாசையா இருந்தாங்களா?"

வக்கீல் என்பவர் தனக்காக வந்தவர் என்று க்ளியோத்தா நினைத்தான். அவன் பார்த்த வக்கீல்கள் தொலைக்காட்சியில் வருகிறவர்கள்தான். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்காகப் பேசுவார்கள். பெட்டஸும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அதோடு, அந்தக் கேள்வி அவனுக்கு வேறு மாதிரிக் கேட்டது. சபையில் சொல்லாமல் விட்ட பெயர் இரண்டு மாதமாக அவன் தொண்டையிலேயே நின்றிருந்தது. இப்போது யாரோ ஒருவர் அதைச் சொல்லும்படி கேட்கிறார். நன்றி சொல்லத்தான் கேட்கிறார்கள் போலிருக்கிறது, அந்தம்மாவுக்கு மைதானத்தில் ஒரு நல்ல இருக்கையாவது கொடுப்பார்கள் என்று எண்ணிக்கொண்டான். எழுந்து நின்றான்.

"உக்காருப்பா, உக்காரு."

"இல்ல சார். இது நின்னுதான் சொல்லணும்."

நின்று சொன்னான். பெயர், கடை, கார், கடைசி வரிசை, எல்லாம். பெட்டஸ் எழுதிக்கொண்டே, "எத்தன ஞாயிறு சாப்பிட்டேன்னு ஞாபகம் இருக்கா?" என்றார். ஒரு தட்டும் விட்டுப்போகக் கூடாது என்று க்ளியோத்தா விரல் விட்டு எண்ணிச் சொன்னான்.

மிஸ் ஒஸெல்லா ஆண்டுதோறும், பல்கலைக்கழகம் வெளியிடும் ஆட்டநாள் மலரில், காசு கட்டி, சின்னக் கட்டம் ஒன்றுக்குள் தன் கடையின் வாழ்த்தை அச்சிடக் கொடுப்பாள். விதிப்படி, அப்படிக் கொடுத்த எவரும் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் பிரதிநிதி. பிரதிநிதி கொடுத்த சோறு பல்கலைக்கழகம் கொடுத்த லஞ்சம். இப்படித்தான் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கோழி வறுக்கிற ஒருத்தி, தனக்கே தெரியாமல், ஒரு பெரிய நிறுவனத்தின் பிரதிநிதி ஆனாள். பெட்டஸோடு இருந்த அந்த அறையில், தனக்கென்று பேச ஒரு பிரதிநிதி இல்லாதவன் க்ளியோத்தா ஒருவன்தான்.

பெட்டஸ் பல்கலைக்கழகத்தின் வக்கீல். அவர் எழுதிக்கொண்டதை வைத்துப் பல்கலைக்கழகம் தானாகவே முன்வந்து உண்மையைச் சொல்லிவிட்டதால், விதிப்புத்தகத்தை வகுத்த கல்லூரி விளையாட்டுச் சங்கம் அதற்குப் பெரிய தண்டனை தரவில்லை. தகுதியில்லாத ஒருவன் களத்தில் இருந்தான் என்று அந்த ஆண்டின் வெற்றிகளைச் செல்லாது என்றது. க்ளியோத்தாவின் உதவித்தொகை நின்றது. மிஸ் ஒஸெல்லா மைதானத்துக்குள் வரக் கூடாது என்று உத்தரவு போயிற்று. அவள் பெயர் செய்தித்தாளில் வந்தது. கடை ஜன்னலில் முட்டை வீசினார்கள். அதைக்கூட அவள் கழுவிவிட்டாள். சனிக்கிழமை வாடிக்கை நின்றுபோனதைத்தான் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஊரை விட்டுப் போகுமுன் க்ளியோத்தா அங்கே போனான். நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்திருந்தன. மெம்ஃபிஸில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போவதாக அவள் சொன்னாள்.

"நாந்தாம்மா சொன்னேன்."

"தெரியும்."

"உங்களுக்கு நன்றி சொல்றதுக்குன்னு நெனச்சேம்மா."

அவள் உள்ளே போய் ஒரு தட்டோடு வந்தாள்.

"சாப்பிடு."

"வேணாம்மா."

"ஏன்டா? இப்பவும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்களா?"

அவனால் உட்கார முடியவில்லை. தட்டை அவள் கையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தான். அவளை அவன் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து அவள் மெம்ஃபிஸில் இறந்துபோன செய்தியும் பிந்தித்தான் வந்தது.

சமவெளிக்குத் திரும்பிய க்ளியோத்தாவுக்கு எரிவாயு லாரியில் வேலை கிடைத்தது. வெர்னிஸ் என்றொருத்தியை மணந்தார். கல்லூரியில் கொஞ்ச நாள் இருந்தேன் என்பதைத் தவிர அவளிடம் எதுவும் சொல்லவில்லை. மீதியை அவள் ஊர்வாயிலிருந்து தெரிந்துகொண்டாள். அவராகச் சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் சொல்லவே இல்லை. இலையுதிர்காலத்துச் சனிக்கிழமைகளில் ஆட்டம் ஓடாத வீடு அந்தப் பக்கத்தில் கிடையாது. அவர் அன்றைக்கு மட்டும் தூரத்துப் பண்ணைகளுக்குப் போகும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வார்.

அவர் தலை நரைத்தபின் சட்டம் மாறியது. முதலில் ஒரு மாநிலம், பிறகு பல மாநிலங்கள். கல்லூரி ஆட்டக்காரன் தன் பெயரையும் முகத்தையும் விற்கலாம். தனக்காகப் பேச வக்கீலோ ஏஜெண்டோ வைத்துக்கொள்ளலாம். சில ஆண்டுகளில் பல்கலைக்கழகங்களே நேராகச் சம்பளம் கொடுக்கும் அளவுக்கு வந்தது. நெடுஞ்சாலையில் ஒரு பத்தொன்பது வயதுப் பையன் கோழி வறுவல் கடையின் விளம்பரப் பலகையில் கோழிக்காலைக் கடித்துக்கொண்டு சிரித்தான். க்ளியோத்தா தினமும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் போனார்.

"உங்க காலத்துல இந்தச் சட்டம் இருந்திருந்தா நீங்க இங்க வந்து குழாய் மாட்டிட்டு இருக்க மாட்டீங்க, மிஸ்டர் மேப்ரி" என்றார் ஒரு வாடிக்கையாளர்.

"வால்வு பக்கத்துல நின்னு சிகரெட் புடிக்காதீங்க" என்றார் அவர்.

ஒரு வசந்தத்தில் வேட் ஹல்செல் வீட்டு வாசலில் வந்து நின்றார். இப்போது டிராக்டர் விற்பவர். தொப்பை, சிவந்த கழுத்து.

"இன்னும் வீட்டுக்கு முன்னாடி நட்டுவெச்ச மாதிரியே நிக்கற, கலப்ப."

"நீ இன்னும் வாயாலதான் ஜெயிக்கற."

"கையால எறிஞ்ச காலமெல்லாம் செல்லாதுன்னுட்டாங்களே."

இருவரும் சிரித்தார்கள். அதற்கு மேல் சிரிக்க ஒன்றுமில்லாமல் போயிற்று. வேட் விஷயத்துக்கு வந்தார். புதுச் சட்டத்துக்குப் பிறகு, பழைய தண்டனைகளை மறுபடி பார்க்கச் சங்கம் ஒரு குழு அமைத்திருக்கிறது. பழைய ஆட்டக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து மனுப் போட்டிருக்கிறார்கள். அந்த வெற்றிகள் திரும்பி வர வேண்டும்.

"எதுக்கு இப்ப?"

"லாவெலுக்காகடா. தலையில வாங்குன அடி இப்பத்தான் வேலயக் காட்டுது. பொண்டாட்டி பேரு மறந்துபோச்சு அவனுக்கு. அந்த சீசன் மட்டும் அப்டியே இருக்கு. போன வாரம் எவனோ அவன்கிட்ட போய், அது செல்லாதுன்னு அறிவிச்சுட்டாங்களே, தெரியாதான்னு சொல்லியிருக்கான். அவன் அழுதத நீ பாத்திருக்கணும்."

வேட் ஒரு வக்கீலை ஏற்பாடு செய்திருந்தார். டேனிட்ரா ஹோக் என்று பெயர். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். இன்றைய ஆட்டக்காரர்களுக்கு ஒப்பந்தம் பேசித் தருவது அவள் தொழில். க்ளியோத்தாவின் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்ததும் முதலில் அவள் சொன்னது இது: "நான் உங்க வக்கீல் சார். காலேஜோட வக்கீல் இல்ல, வேட் சாரோட வக்கீலும் இல்ல. நீங்க சொல்றது உங்களக் கேக்காம வெளிய போகாது."

க்ளியோத்தா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ அப்பப் பொறக்கவே இல்லல்ல?" என்றார்.

"இல்ல சார்."

"ம்."

அவள் மறைக்காமல் சொன்னாள். புதுச் சட்டம் பின்னோக்கிப் போகாது. அது வந்த நாளிலிருந்துதான் செல்லும். ஆனால் பழைய விதியிலேயே ஒரு சந்து இருக்கிறது. கல்லூரிக்கு வருவதற்கு முன்பே பழக்கமான குடும்ப நண்பர் செய்தது எதுவும் குற்றமில்லை. மிஸ் ஒஸெல்லாவின் அண்ணன் மகள், தன் அத்தை இளவயதில் தேவாலயக் கூட்டங்களுக்குச் சமவெளிப் பக்கம் வந்து போனதுண்டு என்கிறாள். அங்கே க்ளியோத்தாவின் அம்மாவைச் சந்தித்திருக்கலாம். இல்லை என்று சொல்ல இன்று யாரும் உயிரோடு இல்லை.

"ஆமான்னு ஒரு வார்த்தடா, கலப்ப" என்றார் வேட். "ஒரே வார்த்த. அத்தனையும் திரும்பி வந்துரும். உன்னோட அந்த ஒரு கஜமும்."

டேனிட்ரா குறுக்கிட்டாள். "நான் இப்டிச் சொல்லுங்கன்னு சொல்ல மாட்டேன் சார். உங்களுக்கு என்ன ஞாபகமோ அதான். ஆனா அந்தக் கேள்வி கண்டிப்பா வரும்."

"அவங்கள யாருன்னு சொல்லணும் நான்?"

"குடும்பத்துக்கு வேண்டியவங்கன்னு. சின்ன வயசுலேர்ந்தே தெரியும்னு."

அவர் எழுந்து போய்க் காபிக்குத் தண்ணீர் வைத்தார். அது கொதித்து வற்றும் வரை அடுப்பின் பக்கமே நின்றார். வெர்னிஸ் வந்து அணைத்தாள்.

விசாரணை நாளில் நடைபாதையில் அந்த அணியினர் பலர் வந்திருந்தார்கள். முழங்கால் தேய்ந்தவர்கள், முதுகு வளைந்தவர்கள். எல்லாரும் பச்சைக் கோட்டு போட்டிருந்தார்கள். முன்னொரு காலத்தில் உணவுக்கூடத்தில் இவரைக் கண்டு மேசை மாறி உட்கார்ந்தவர்கள். இன்று ஒவ்வொருவராக வந்து தோளைத் தொட்டார்கள். ஒருவர், "அன்னிக்கு நான் உன்கூடப் பேசாம இருந்திருக்கக் கூடாதுடா" என்றார். க்ளியோத்தா தலையை ஆட்டினார். இப்படி ஒரு கூட்டத்தின் நடுவில் நின்று எத்தனை காலமாயிற்று என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

லாவெல் சக்கர நாற்காலியில் இருந்தார். மெலிந்துபோயிருந்தார். க்ளியோத்தா அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"கலப்ப."

"ஆமாடா."

"நாம ஜெயிச்சோம்ல?"

"ஜெயிச்சோம்."

"நீ தாண்டுன. நான் பாத்தேன்."

"நீ பாத்தடா."

"இவனுங்க இல்லங்கறானுங்க."

க்ளியோத்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டுத்தான் எழ முடிந்தது.

அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். கடுமையானவர்கள் என்று சொல்ல முடியாது. தலைவர் ஒரு வயதான அம்மாள். காது கேட்கிறதா, தண்ணீர் வேண்டுமா என்று விசாரித்தார். டேனிட்ரா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே பச்சைக் கோட்டுகள் நிற்பது தெரிந்தது.

"மிஸ்டர் மேப்ரி, உங்களுக்கு நடந்தது நியாயம்னு இங்க யாரும் நெனைக்கல. எங்களால முடிஞ்சதச் செய்யத்தான் ஒக்காந்திருக்கோம். ஒரே ஒரு கேள்வி. காலேஜுக்கு வர்றதுக்கு முன்னாடியே மிஸ் ஒஸெல்லா ட்ரைஸ உங்களுக்கோ உங்க குடும்பத்துக்கோ தெரியுமா?"

அவர் கதவுக்கு வெளியே பார்த்தார். டேனிட்ரா மெதுவாக, "அவசரமில்ல சார். யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

"யோசிச்சாச்சும்மா" என்றார் அவர். பிறகு எழுந்து நின்று அந்த ஐந்து பேரையும் பார்த்துச் சொன்னார்: "தெரியாது. எங்களுக்கும் அவங்களுக்கும் எந்த உறவும் கெடையாது. பசிச்சுது, ஒரு நாள் போய் நின்னேன். அதுக்கு முன்னாடி அவங்க என்னப் பாத்ததே இல்ல. யாருன்னே தெரியாதவனுக்குத்தான் சோறு போட்டாங்க."

கதவுக்கு வெளியே யாரோ மூச்சை இழுத்தார்கள். தலைவர் அம்மாள் கேள்வியை இன்னொரு விதமாகக் கேட்டுப் பார்த்தார். யாராவது சொல்லக் கேட்டதுண்டா, அம்மா எப்போதாவது அந்தப் பெயரைச் சொன்னதுண்டா என்று. உதவி செய்யத்தான் கேட்டார். அது எல்லாருக்கும் தெரிந்தது, க்ளியோத்தாவுக்கும். அவர் மறுபடியும் தெரியாது என்றார். மனு அன்றே தள்ளுபடியாயிற்று.

வேட் அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. லாவெல் அடுத்த குளிர்காலத்தில் இறந்தார். அடக்கத்துக்கு வந்த க்ளியோத்தாவுக்கு யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. டேனிட்ரா ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டு, வக்கீலாகக் கேட்கவில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றாள். அவர் அவள் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். வெர்னிஸ் பல நாள் கேட்காமல் இருந்தாள். ஒரு நாள், "அந்த ஒரு வார்த்தையச் சொல்லியிருக்கலாமே, க்ளியோ" என்றாள். அவர் அவளைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை, அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி.